வெட்டாமல் கொடுத்த அலகு

தச்சநல்லூரில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை உண்டு. கேட் கொண்டி, கிரைண்டர் கால், தள்ளுவண்டி அச்சு என்று உடைந்து வருவதை ஒட்டிக் கொடுப்பது தொழில். ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. ஆட்களிடம் பேசுவதென்றால் சிறுவயதிலிருந்தே எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். இந்தத் தொழிலில் அது குறையாகத் தெரிவதில்லை. வருகிறவர் உடைந்ததை நீட்டுவார். நான் வாங்கிப் பார்த்து, சாயங்காலம் வாருங்கள் என்பேன். அவ்வளவுதான் பேச்சு.

இந்தப் பட்டறைக்கு வாள்கள் வந்தது என் சிநேகிதனால். அவனும் நானும் ஐந்தாம் வகுப்புவரை ஒரே பெஞ்சு. அவன் மேலே படித்து, பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர் ஆனான். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் கிரிக்கெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, அதிலிருந்து ஒல்லி ஒல்லியாக நாலைந்து வாள்களை உருவி என் மேஜைமேல் போட்டான்.

“என்னலே இது? குலசை தசராவுக்கு வேஷம் கட்டப் போறியா?” என்றேன். அவனிடம் மட்டும் எனக்குப் பேச்சு வரும்.

“போலே, கூறுகெட்டவனே. இது வாள்வீச்சு. வெளிநாட்டுல பெரிய ஆட்டம். இங்கன நம்ம பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கேன். ரிப்பேர்னா மெட்ராசுக்கு அனுப்பணும்ங்கான். நீ இருக்கும்போது நான் எதுக்கு அனுப்பணும்?”

அந்த வாளால் எதையும் வெட்ட முடியாது. அலகில் கூர் கிடையாது. நுனியில் ஒரு பொத்தான், அதற்குள் மயிரிழை போல ஸ்பிரிங். அலகின் முதுகில் ஒரு பள்ளம் ஓடும். அதில் இரண்டு மெல்லிய கம்பிகள் பதிந்து கைப்பிடிவரை வரும். நுனி எதிராளியின் உடம்பில் அழுந்தினால் தூரத்தில் இருக்கிற பெட்டியில் விளக்கு எரியும். பெரும்பாலும் அந்தக் கம்பிதான் அறும். பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, அலகை வில்போல வளைத்து நிறுத்தி, புதுக் கம்பியைப் பள்ளத்தில் படுக்கவைத்து ஒட்ட வேண்டும். வளைக்காமல் ஒட்டினால் முதல் குத்திலேயே அறுந்துபோகும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. மூன்று வாளைக் கெடுத்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு பேட்டரியும் டார்ச் பல்பும் வைத்து நானே ஒரு சோதனைப் பெட்டி செய்தேன். நுனியை அழுத்தியதும் பல்பு பளிச்சென்று எரிகிறபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வரும். கேட் கொண்டி ஒட்டி அப்படி வந்ததில்லை.

அலகே உடைந்து வந்தால் வேலை வேறு. நுனியிலிருந்து ஒன்றரைச் சாண் தள்ளித்தான் பெரும்பாலும் உடையும். கையைக் காக்கும் கிண்ணம், பிடி, பிடியை இறுக்கும் திருகு, நுனிப் பொத்தான் எல்லாம் நன்றாகவே இருக்கும். அவற்றைக் கழற்றிச் சுத்தம் செய்து புது அலகில் மாட்டுவேன். கிண்ணத்தின் உள்பக்கத்தில் இரண்டு புள்ளி குத்திவைப்பேன், என் கை பட்டதற்கு அடையாளமாக. அலகை மட்டும் காப்பாற்ற முடியாது. முதன்முதலில் உடைந்து வந்த அலகை ஒட்டுவதற்கு நான் வெல்டிங் ராடை எடுத்துவிட்டேன். தடுத்தது அவன்தான்.

“ஒட்டிராதலே. இது வளையுத இரும்பு. சூடு பட்டா அந்த இடம் செத்துரும். அடுத்த தடவ உடையும்போது ஈட்டி மாதிரி உடையும். பிள்ளைகள் மேல ஏறிரும்.”

அன்றிலிருந்து உடைந்த அலகு எது வந்தாலும் கட்டிங் வீலில் வைத்து விரல் நீளத் துண்டுகளாக வெட்டி ஒரு டப்பாவில் போட்டுவிடுவேன். வேறு யாரும் எடுத்து ஒட்டிவிடக் கூடாது என்பதற்காக. சில துண்டுகளைத் தீட்டி ஸ்குரூடிரைவர் ஆக்கியிருக்கிறேன். அருமையான இரும்பு.

எனக்காகப் பேசுவது அவனுக்கு வழக்கம். வகுப்பில் வாத்தியார் என்னை எழுப்பி வாய்ப்பாடு கேட்டால், “இவனுக்குத் தெரியும் சார், சொல்ல வெக்கப்படுதான்” என்று அவன் எழுந்து சொல்லிவிடுவான். பெண் பார்க்கப் போன வீட்டில் என் மாமனார் கேட்ட கேள்விக்கெல்லாம் அவன்தான் பதில் சொன்னான். “அன்னைக்கு நான் யாருக்குக் கழுத்த நீட்டச் சம்மதிச்சேன்னே இன்னும் வெளங்கல” என்று என் மனைவி இப்போதும் சொல்வாள். கரண்ட் ஆபீஸ், ரேஷன் கடை, என் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தது, எங்கே போனாலும் அவன் முன்னால் போவான், நான் பின்னால் நிற்பேன். எனக்கு அது சௌகரியமாக இருந்தது. அவனுக்கும் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

போன வருஷம் ஒரு போட்டி நெருங்கிய சமயம். பார்சலில் வர வேண்டிய புது அலகுகள் வந்துசேரவில்லை. அவன் உடைந்த வாள் ஒன்றைக் கொண்டுவந்தான். நான் கிண்ணத்தையும் பிடியையும் கழற்றிவைத்தேன்.

“ஒரே ஒரு தடவ ஒட்டித் தாயேன்லே. பழகுததுக்கு மட்டுந்தான்.”

“நீதானலே ஒட்டக்கூடாதுன்ன?”

“சும்மா கேட்டுப் பாத்தேன்” என்று சிரித்தான்.

நான் அலகின் இரண்டு துண்டுகளையும் எடுத்துக்கொண்டு கட்டிங் வீல் பக்கம் போனேன்.

“இரு, இரு, வெட்டாத. உடைஞ்சா எப்படி இருக்கும்னு பிள்ளைகளுக்குக் காட்டணும். அப்படியே குடு. கிண்ணத்தையும் பிடியையும் சேத்துக் குடு. புது அலகு வந்ததும் நானே மாட்டிக்கிடுதேன்.”

கொடுத்தேன். இத்தனை வருஷத்தில் நான் வெட்டாமல் வெளியே விட்டது அந்த ஒரு அலகுதான்.

இரண்டு வாரம் கழித்து அவனிடமிருந்து போன் வந்தது. “நாளைக்குப் பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கு வா. ஒரு பிள்ளைக்கு அடிபட்டுட்டு. வாள் ரிப்பேர் செஞ்சது யாருன்னு கேக்காவ. நீ ஒண்ணும் பேசண்டாம். நான் பாத்துக்கிடுதேன்.”

தலைமையாசிரியை அறையில் நான்கு பேர் இருந்தோம். தலைமையாசிரியை, அவன், நான், அடிபட்ட பெண்ணின் அப்பா. அவர் குலசேகரன்பட்டினத்துக்கு அப்பால் ஒரு கடற்கரை ஊர்க்காரர், படகில் போகிறவர். மகள் பதினோராம் வகுப்பு, விடுதியில் தங்கிப் படிக்கிறாள். பயிற்சியில் எதிரே ஆடிய பெண்ணின் வாள் உடைந்து, உடைந்த முனை இவளுடைய சட்டையைக் கிழித்துக்கொண்டு வலது மேல்கையில் இறங்கிவிட்டது. தையல் போட்டிருந்தார்கள். சதை சேர மாதக்கணக்காகும் என்று சொல்லியிருந்தார்கள்.

மேஜைமேல் செய்தித்தாள் விரித்து அந்த வாளை வைத்திருந்தார்கள். உடைந்த வாயில் மஞ்சளாக ஒரு கோடு தெரிந்தது. பித்தளை. ஒட்டிய இடத்தை ராவி, கறுப்பு மை தடவி, மேலே பசை பூசி மறைத்திருந்தது. பித்தளைக் கம்பியை உருக்கி ஒட்டுவதற்குக் கேஸ் நெருப்பு வேண்டும். ரேடியேட்டர் ஒட்டுகிறவர்கள் செய்கிற வேலை அது. என்னிடம் இருப்பது கரண்டில் ஓடுகிற மெஷின் ஒன்றுதான். அதில் ஒட்டினால் மஞ்சள் தெரிய வழியே இல்லை. பார்த்த உடனே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவன் பக்கம் திரும்பினேன். அவன் சுவரில் மாட்டியிருந்த கால அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தலைமையாசிரியை கிண்ணத்தைத் திருப்பி இரண்டு புள்ளிகளைக் காட்டினார். “இது உங்க அடையாளமாமே?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் எழுந்துவிட்டான்.

“இவன் வாயில்லாப் பூச்சி மேடம், நானே சொல்லிருதேன். ஒட்டக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன். பிள்ளைகள் வாள் இல்லாம நிக்குதேன்னு பாவப்பட்டு ஒட்டிட்டான். படிக்காதவன், விவரம் பத்தாது. ஆனா மனசு தங்கம். கெட்ட எண்ணம் கிடையாது.”

சொல்லிக்கொண்டே என் தோளில் கையை வைத்தான். பெண் பார்க்கப் போன அன்றும் அப்படித்தான் வைத்திருந்தான்.

“அப்படித்தானா?” என்று தலைமையாசிரியை என்னைக் கேட்டார். எனக்குக் கூச்சம் வந்தால் தலை தானாகக் குனியும். குனிந்தது. அந்த அறையில் அது ஆமாம் என்று ஆகிவிட்டது.

பெண்ணின் அப்பா எழுந்து நின்று என்னைப் பார்த்துச் சொன்னார். “எம் மக வலது கைய தோளுக்கு மேல தூக்க முடியல வே. இவருக்கு நல்ல மனசாம்.”

வெளியே வந்ததும் அவன் என் முதுகில் தட்டினான். “பயப்படாதலே. ஒன்ன என்ன செய்யப் போறாவ? இனிமே ரிப்பேர் குடுக்கமாட்டாவ, அவ்வளவுதான். வா, டீ குடிப்போம்.” நான் கூடப் போனேன். டீயும் குடித்தேன். அவன் பொய் சொன்னதைவிட, அதற்குப் பிறகு அவனோடு நின்று நான் டீ குடித்ததுதான் இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

இரண்டு நாள் கழித்துத்தான் வீட்டில் சொன்னேன். மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“நீங்க ஒட்டுனியளா?”

“இல்ல.”

“அப்ப அந்தப் பிள்ளை வீட்டுல போயிச் சொல்லுங்க. பள்ளிக்கூடத்துக்குப் பொறவு போவலாம். இந்தாளுனாலதான் நம்ம கையி போச்சுன்னு அந்தப் பிள்ளை நெனச்சுக்கிட்டுல்லா கெடக்கும்?”

“அவன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு...”

அவள் என்னையே பார்த்தாள். நான் பேச்சை நிறுத்திக்கொண்டேன். அந்தப் பெண் என்னை நினைத்துக்கொண்டிருப்பாள் என்பது அதுவரை எனக்குத் தோன்றியிருக்கவில்லை. தோன்றிய பிறகு பட்டறையில் கை ஓடவில்லை. எதை ஒட்ட எடுத்தாலும், ஒட்டக்கூடாததை ஒட்டிக் கொடுத்தவன் என்று ஒரு வீட்டில் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்பு வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருச்செந்தூர் பஸ் ஏறினேன். ஸ்ரீவைகுண்டம் தாண்டி வாழைத்தோட்டம் முடிகிறவரைக்கும் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். நான் ஒட்டவில்லை. அது பித்தளை. என்னிடம் கேஸ் கிடையாது. உதடு அசைந்திருக்க வேண்டும். “அண்ணாச்சி, போன்ல பேசுதியளா?” என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கோயில் பூசை முடிந்து ஆட்கள் வீடு திரும்புகிற நேரத்தில் அந்த ஊரில் இறங்கினேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். பெண்ணின் அப்பா வாசலில் படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் தெருவிலேயே நின்றுவிட்டேன். அதற்குள் அவருடைய மனைவி வெளியே வந்தாள்.

“வாங்கண்ணே. சார் வந்து எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் போனாவ.”

எனக்கு முதலில் புரியவில்லை. உட்காரவைத்துக் காபி கொடுத்தபிறகு அவளே சொன்னாள். அவன் புதன்கிழமை வந்திருக்கிறான். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்திருக்கிறான், நான் கொடுத்துவிட்டதாக. நான் நாலு நாளாகச் சாப்பிடவில்லை, அழுதுகொண்டே இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். எனக்காக அவன் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டிருக்கிறான்.

“நாங்க மன்னிச்சாச்சுண்ணே. தெரியாமச் செஞ்சதுதான. மனசுல வச்சுக்கிடாதீங்க” என்றாள். அவள் கணவரும், “சாப்பிட்டுட்டுப் போங்க” என்று பைய சொன்னார். உள்ளேயிருந்து அந்தப் பெண் வந்தாள். வலது கை கழுத்தில் கட்டிய துணித் தூளியில் தொங்கியது. என்னைப் பார்த்து, “வாங்க மாமா” என்று சிரித்தாள்.

பேசாமல் இருந்தால் போதும். காபியைக் குடித்துவிட்டு, மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு, நல்லவன் என்ற பெயரோடு பஸ் ஏறிவிடலாம். ஒரு நிமிஷம் அதையும் நினைத்தேன். பிறகு அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தேன். மனப்பாடம் செய்ததெல்லாம் முன்னும் பின்னுமாக வந்தது.

“எங்கிட்ட கேஸ் கிடையாது” என்றேன்.

“தீந்துபோச்சாண்ணே? நம்ம வீட்டுலயும் இப்பதான் மாத்துனோம்” என்றாள் அந்த அம்மா.

“அது இல்ல. அது... அலகுல இருந்தது பித்தளை. கேஸ் வச்சுதான் ஒட்ட முடியும். நான் ஒட்டல.”

பெண்ணின் அப்பா கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தார்.

“மஞ்சளா ஒரு கோடு இருந்துச்சு. நானும் பாத்தேன்” என்றார். “எஞ்சின் விசிறி உடைஞ்சா தூத்துக்குடியில இப்படித்தான் ஒட்டிக் குடுப்பான். கேஸ் இல்லாம முடியாதுதான்.” கொஞ்சம் யோசித்தார். “அப்ப அன்னைக்கு ஏன் வே வாயத் தொறக்கல?”

“எனக்காக அவன்தான் பேசுவான்” என்றேன். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று எனக்கே தெரிந்தது.

“சார் அப்படிச் செய்யவே மாட்டாவ” என்றாள் அந்தப் பெண். சிரிப்பு போய்விட்டிருந்தது. “அவியதான் என்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனாவ.”

அவள் அப்பா போனை எடுத்து நம்பரை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி எஞ்சின் பலகைமேல் வைத்தார்.

“சார், அந்த அலக ஒட்டுனது யாரு?”

“அவன்தான். அன்னைக்கே சொன்னேன்லா அண்ணாச்சி.”

“அவரு இங்கன வந்திருக்காரு. தான் ஒட்டலங்காரு.”

“அங்கனயா வந்திருக்கான்? அண்ணாச்சி, அவன்கிட்ட எதுவும் கேக்காதீங்க. அவனுக்குப் பேச வராது. வெரட்டுனா எதையாவது உளறுவான். நான் நேர்ல வந்து சொல்லுதேன்.”

நான் போன் பக்கம் குனிந்தேன். கேட்க எவ்வளவோ இருந்தது. “ஏம்லே?” என்பது மட்டும்தான் வந்தது.

போன் என் கைக்கு வந்துவிட்டது என்று அவன் நினைத்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டான். “லே, ரேடியேட்டர் ஒட்டுதவன்ட்ட குடுத்து ஒட்டுனேன்லே. ரெண்டு நாள் பழகத்தான. உடையும்னு கண்டேனா? உண்மையச் சொன்னா என் வேலை போயிரும். இன்னும் நாலு வருசம் சர்வீசு கெடக்கு. ஒனக்கு என்ன? பட்டறை ஒன்னுது. ஒன்ன யாரு வேலைய விட்டுத் தூக்கப் போறா? ஒம் பேரு கெட்டா ஒனக்கு என்னலே போச்சு?”

பெண்ணின் அப்பா போனை அணைத்தார். அந்தப் பெண் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அவள் அம்மா என் முன்னால் ஆறிப்போயிருந்த காபியை எடுத்துக்கொண்டு போய் வேறு காபி கொண்டுவந்து வைத்தாள். என்னை நம்பிவிட்டார்கள். அதற்காகத்தான் போனேன். ஆனாலும் அந்தப் பெண் அழுவதைப் பார்த்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. அவளும் நானும் அன்று இழந்தது ஒரே ஆளை.

“நாளைக்கு நான் பள்ளிக்கூடத்துக்கு வாறேன். நீரும் வாரும்” என்றார் அவள் அப்பா. “நான் ஒரு வார்த்தகூடப் பேசமாட்டேன். நீருதான் பேசணும்.”

மறுநாள் போனோம். நான் பேசினேன். தலைமையாசிரியை இரண்டு தடவை, “கொஞ்சம் சத்தமா சொல்லுங்க” என்றார். அவன் ஜன்னலோரம் நின்றிருந்தான், மறுக்கவில்லை. அவர்கள் என்ன எழுதி அனுப்பினார்கள் என்று எனக்குத் தெரியாது. அவனுக்கு வேலை போகவில்லை. வாள்வீச்சு மட்டும் அவனிடமிருந்து எடுக்கப்பட்டது. அந்தப் பெண் இப்போது கையைக் காதுவரை தூக்குகிறாளாம். வாளைத் தொடுவதில்லை என்று அவள் அப்பா போனில் சொன்னார்.

அவன் பட்டறைப் பக்கம் வருவதில்லை. நானும் போவதில்லை. ஆனால் அவன் போனில் கேட்ட கடைசிக் கேள்வி மனசைவிட்டுப் போவதாக இல்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் எனக்காகப் பேசியவன், எனக்குக் கெட்டுப்போக ஒரு பெயர் இருக்கிறது என்று ஒருநாளும் நினைக்கவில்லை. தோளில் கை வைத்தபோதெல்லாம் அப்படித்தான் நினைத்தானா என்று பழைய நாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். பெண் பார்த்த வீடு, ரேஷன் கடை, வாய்ப்பாடு. எதையும் நல்லதென்று திரும்ப வைக்க முடியவில்லை.

போன மாதம் அவன் மனைவி குக்கரோடு வந்தாள். கைப்பிடி உடைந்திருந்தது. ஸ்டூலில் உட்காரச் சொன்னேன். அவள் நின்றுகொண்டே கேட்டாள்.

“அண்ணே, ஒங்க ரெண்டு பேருக்கும் என்ன சண்ட? அவியகிட்ட கேட்டா, அவன்கிட்டயே கேளுங்காவ.”

நான் கைப்பிடியின் திருகைக் கழற்றிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமல் சொல்ல ஆரம்பித்தேன். புதுக் கைப்பிடியைப் பொருத்தி இறுக்கி முடிக்கும்வரை சொன்னேன். எதையும் விடவில்லை. அவள் குக்கரை வாங்கி, கைப்பிடியை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாள். பிறகு அதை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.